கேரல் நோட்டை வாசிக்காதீர்கள்

மதிப்பிற்குரிய சேகர குருவானவருக்கும் கேரல் கமிட்டி அண்ணன்மாருக்கும் ஸ்தோத்திரம்.

போன ஞாயிறு ஆராதனை முடிவில் நடந்தது உங்களுக்குத் தெரியும். கிறிஸ்துமஸ் கேரல் பாடி ராத்திரியில் வீடுவீடாகப் போனபோது நோட்டில் எழுதிய காணிக்கையை வழக்கம்போல வீட்டு வரிசைப்படி வாசித்தீர்கள். கீழத்தெருவில் ஒரு பெயரைச் சொல்லி, 'வீடு பூட்டு' என்றீர்கள். பின்னால் இருந்த பையன்கள் சிரித்தார்கள். அந்த அக்கா பெண்கள் பக்கம் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

வீடு பூட்டிக் கிடக்கவில்லை ஐயா. ஹார்மோனியத்தோடு நானும் அந்த வாசலில் நின்றேன். உள்ளே விளக்கை அணைத்திருந்தார்கள். ஜெனரேட்டர் மக்கர் பண்ணி ஸ்பீக்கர் நின்றதே, அப்போது வெறும் தொண்டையில் பாடினோம். சரணத்தில் உள்ளேயிருந்து ஒரு சின்னப் பிள்ளையும் கூடச் சேர்ந்து பாடியது. உடனே 'உஷ்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. நோட்டு வைத்திருந்த அண்ணன், "ஆள் உள்ளேதான் இருக்கு" என்று சிரித்துவிட்டு, 'பூட்டு' என்று எழுதிக்கொண்டார்.

அந்த அக்கா பீடி சுற்றிப் பிழைப்பவர். ஆயிரம் சுற்றி, கடையில் கழிவு போக மிஞ்சுவதுதான் கூலி. வருஷம் முழுக்கச் சபைக்குச் சங்கக் காணிக்கை கொடுக்கிறார், ஸ்தோத்திரப் பண்டிகைக்குக் கொடுக்கிறார், அசனம் என்கிற சபை விருந்துக்கு அரிசி கொடுக்கிறார். டிசம்பரில் பிள்ளைகளுக்குப் பண்டிகைத் துணியும் எடுத்தாக வேண்டும். ஐம்பது ரூபாய் கொடுக்கலாம்தான். ஆனால் ஐயாயிரம் கொடுத்த வீட்டுக்கு அடுத்து அந்த ஐம்பதும் மைக்கில் வருமே! அதனால்தான் தாயும் பிள்ளைகளும் இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள், கிறிஸ்து பிறந்த செய்தி வாசலுக்கு வந்த நேரத்தில்.

என் வேண்டுகோள் ஒன்றுதான்: வீட்டுவாரியாகப் பெயரும் தொகையும் வாசிப்பதை நிறுத்துங்கள். மொத்தத் தொகையை மட்டும் சொல்லுங்கள், போதும்.

கமிட்டியில் ஒருவரிடம் கேட்டதற்கு, "ஏழை விதவையின் காணிக்கையை இயேசுவே எல்லாருக்கும் சொன்னாரே" என்றார். சொன்னார்தான். ஆனால் லூக்கா 21-ஐ எடுத்துப் பாருங்கள். விதவையின் பெயரும் இல்லை, பணக்காரர் எவ்வளவு போட்டார்கள் என்ற கணக்கும் இல்லை. தருமம் அந்தரங்கமாக இருக்கட்டும் என்கிற மத்தேயு 6-ம் அதிகாரத்தை நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை, வேத வாக்கியப் போட்டிக்கு நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிற பகுதி அது.

கிறிஸ்துமஸ் எனக்குக் கசந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். மூங்கில் சிம்பில் கலர் பேப்பர் ஒட்டி நட்சத்திரம் கட்டுவதும், முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் தட்டில் வைத்து எல்லா மதத்து வீட்டுக்கும் கொடுத்துவிடுவதும் இன்றைக்கும் பிடிக்கும். அதிகாலைப் பவனி என்றால் தூக்கம் வராது. பிடிக்காமல் போனது இந்த லாரியும் ஸ்பீக்கரும்தான். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாதென்று 2000-ம் ஆண்டிலிருந்தே சட்டவிதி இருக்கிறது. நாம் ஒரு மணிக்குக் கைக்குழந்தை உள்ள வீட்டு வாசலில் டிரம்ஸ் அடிக்கிறோம். புழுக்கத்தில் கம்பளிச் சட்டைக்குள் வேகிற கிறிஸ்துமஸ் தாத்தாவைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. போன வருஷக் கணக்கில் லாரி வாடகை, ஸ்பீக்கர், ஜெனரேட்டர், பிரியாணி எல்லாம் போக ஏழைகளுக்கு என்ன மிஞ்சியது என்பதையும் மைக்கில் வாசித்தால் நன்றாக இருக்கும். சரி, அதை வேறொரு நாள் பேசுவோம். கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னியுங்கள்.

மேலத்தெருப் பட்டியலை 31-ம் தேதி ராத்திரி ஆராதனையில் வாசிப்பதாக அறிவித்திருக்கிறீர்கள். தயவுசெய்து வாசிக்காதீர்கள். அடுத்த வருஷம் நோட்டுக்குப் பதிலாக ஒரு மூடிய உண்டியலை எடுத்துப் போவோம், போடுகிறவர்கள் போடட்டும். நோட்டோடுதான் போவோம் என்று சபை மன்றம் முடிவு செய்தால், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஹார்மோனியத்துக்கு வேறு ஆள் பார்க்க உங்களுக்கும் நேரம் வேண்டுமல்லவா?

இப்படிக்கு,
உங்கள் பாடகர் குழுவில் ஒருவன்