அளந்து கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள புகுஷிமா மக்களுக்கு,

கணவரின் பணி மாற்றத்தால் அடுத்த மாதம் ஒசாகாவுக்குக் குடிபெயர்கிறோம். 2013 முதல் உங்கள் அரிசியையும் பீச் பழங்களையும் உண்ட குடும்பம் எங்களுடையது. என் பிள்ளைகள் இருவரும் உங்கள் நகரத்தில்தான் பிறந்தார்கள். "அந்த ஊர்ச் சோற்றையா குழந்தைக்கு ஊட்டுகிறாய்?" என்று உறவினர்கள் தொலைபேசியில் கேட்டபோதெல்லாம் என்னிடம் தெளிவான பதில் இருந்தது. அந்தப் பதிலை எனக்குக் கொடுத்தவர்கள் நீங்கள். அவர்களும் உங்களை அறிய வேண்டும் என்பதால் இம்மடலைத் தமிழில் எழுதுகிறேன்.

2011 மார்ச் 11 நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் அணு உலை விபத்தும் உலகமே அறிந்தவை. அந்த ஆண்டு அறுவடையில் நேர்ந்தது பலருக்குத் தெரியாது. மாதிரிகளைச் சோதித்த மாகாண நிர்வாகம் அக்டோபரில் அரிசி பாதுகாப்பானது என்று அறிவித்தது. அடுத்த மாதமே, விபத்தில் வெளியான சீசியம் என்ற கதிரியக்கப் பொருள் புகுஷிமா நகரின் ஒனாமி பகுதி அரிசியில் தென்பட்டது; கதிரியக்கத்தை அளக்கும் அலகான பெக்கரலில் சொன்னால், அன்றைய வரம்பு கிலோவுக்கு 500, அந்த அரிசியில் 630. அதன்பின் யார் சொல்லை யார் நம்புவார்கள்?

நீங்கள் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. 2012 அறுவடையிலிருந்து ஒவ்வொரு மூட்டையின் கதிரியக்கத்தையும் அளந்தீர்கள். ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு கோடி மூட்டைகள், மூட்டைக்கு 30 கிலோ. வீட்டுச் சமையலுக்கு வைத்துக்கொண்ட நெல்லும், வெளியூரிலிருக்கும் மகளுக்கு அனுப்பும் அரிசியும்கூட அந்தக் கருவிகளுக்குள் போய்த்தான் வந்தன. அதற்குள் வரம்பும் 100 பெக்கரலாகக் கடுமையாகிவிட்டிருந்தது. முதல் ஆண்டில் வரம்பைத் தாண்டியவை 71 மூட்டைகள். அடுத்த ஆண்டு 28, அதற்கடுத்த ஆண்டு 2. 2015 அறுவடையிலிருந்து ஒன்றுகூட இல்லை. அந்த 71 மூட்டைகளை மறைக்காமல் சொன்னீர்களே, அதற்குத்தான் என் முதல் நன்றி. அதனால்தான் பின்னாளில் வந்த பூஜ்யத்தை என்னால் நம்ப முடிந்தது.

கூட்டுறவு நிலையங்களில் நாள் முழுவதும் மூட்டைகளை ஏற்றி இறக்கிய தொழிலாளர்களே, உங்கள் முதுகுவலியை எந்த அறிக்கையும் கணக்கில் எடுக்கவில்லை. அரிசிப் பையில் நீங்கள் ஒட்டிய சோதனை வில்லையைப் பார்த்த பிறகுதான் நான் உலை வைத்தேன்.

உழவர்களே, எண் தானாகக் குறையவில்லை. சீசியமும் சாம்பல் சத்தான பொட்டாசியமும் வேதியியலில் ஒரே குடும்பம். மண்ணில் சாம்பல் சத்து குறைந்தால் நெற்பயிர் சீசியத்தை இழுத்துக்கொள்ளும். ஆண்டுதோறும் வயலில் பொட்டாஷ் என்ற சாம்பல் சத்து உரம் இட்டு அந்த வழியை அடைத்தீர்கள். 2011 முடியும் அந்தக் குளிர்காலத்தில் பனியில் நின்று பீச் மரங்களின் பட்டையை உயர் அழுத்த நீரால் மரம் மரமாகக் கழுவினீர்கள். பிள்ளையைக் குளிப்பாட்டுவது போலக் கழுவினோம் என்று பக்கத்துத் தோட்டத்துப் பாட்டி சொன்னார். அவர் தந்த முதல் கூடைப் பழத்துடன் சோதனை முடிவுத் தாளும் இருந்தது.

கிராமத்தை விட்டு வெளியேறச் சொன்ன பிறகும் மண்ணை மறக்காத ஈத்தாத்தே மக்களுக்கும் வணக்கம். மேல்மண்ணின் களிமண் சீசியத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். அங்கே குளிர்காலத்தில் மேல்மண் உறைந்து பாளமாகிவிடும். உறைந்த அந்த அடுக்கையே பெயர்த்தெடுக்கலாம் என்று உங்களுடன் வயலில் இறங்கிச் சோதித்தார் டோக்கியோ பல்கலைக்கழக மண்ணியல் பேராசிரியர் மசாரு மிசோகுச்சி. அவருக்கும், வார இறுதிகளில் வந்து உழைத்த தன்னார்வலர்களுக்கும் நன்றி. 2017 மார்ச் இறுதியில் கிராமத்தின் பெரும்பகுதிக்குத் தடை நீங்கியது. திரும்பி வந்தவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். திரும்பாதவர்களை ஒருவரும் குறை சொல்லக் கூடாது. பிள்ளைகளின் பள்ளி, வேலை, அச்சம், எல்லாமே நியாயமான காரணங்கள்.

கடைகளில் புகுஷிமா என்ற பெயரைப் பார்த்துப் பழத்தைத் திரும்ப வைத்தவர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. ஆனால் மலைக்காட்டுக் காளான்களிலும் கீரைத் தளிர்களிலும் இன்னும் சீசியம் இருக்கிறது என்பதை நீங்களே வெளிப்படையாகச் சொல்கிறீர்கள். காட்டை வயல்போல் சுத்தம் செய்ய முடியாது. மலைக்குப் போய்க் காளான் பறித்து அண்டை வீட்டாருக்குப் பங்கிட்ட வாழ்க்கையை இழந்தவர்களுக்கு எந்த இழப்பீடும் ஈடாகாது.

கடைசியாக, ஒகுமா, புத்தாபா ஊர்களின் நில உரிமையாளர்களே, மாகாணம் முழுவதும் சுரண்டியெடுத்த மண்ணை வைக்க உங்கள் பூர்வீக வயல்களைக் கொடுத்தீர்கள். அணுமின் நிலையத்தைச் சுற்றி 1,600 ஹெக்டேர். அங்கே வந்து சேர்ந்த மண் ஏறக்குறைய 1 கோடியே 40 லட்சம் கன மீட்டர். என் பிள்ளைகள் விளையாடிய பூங்காவின் மண்ணும் அதில்தான் சேர்ந்திருக்கும். 2045க்குள் அதைப் புகுஷிமாவுக்கு வெளியே கொண்டுபோய் முடிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. தங்கள் ஊருக்கு அந்த மண் வர வேண்டாம் என்று பலரும் சொல்கிறார்கள். நாங்கள் போகும் ஊரில் அந்தப் பேச்சு வந்தால், கூட்டத்தில் எழுந்து நின்று உங்கள் வயல்களைப் பற்றி நான் பேசுவேன்.

நன்றியுடன்,
புகுஷிமா நகரில் வாழ்ந்த ஒரு தமிழ்த் தாய்