நமது சினிமா வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பார்த்த படங்களுக்குத் தாளில் விமர்சனமும் மதிப்பெண்ணும் எழுதி வந்து விவாதிக்கும் நமது மாதக் கடைசி ஞாயிறு மாலைக் கூட்டம் வேலூர் சத்துவாச்சாரியில் வழக்கம்போல் நடந்தது. அக்னி நட்சத்திரத்தில் மொட்டை மாடி சாயங்காலம் ஆறு மணிக்கும் கொதித்ததால் மே மாதம் ஏழரைக்குத் தள்ளினோம். குடியாத்தம், ஆம்பூர்க்காரர்கள் பஸ்ஸைப் பிடிக்கப் பாதியில் எழுந்துவிட்டார்கள். அடுத்த மே மாதத்தில் காலையில் வைத்துக்கொள்வது நல்லது.

இந்த ஆண்டு நடந்த சண்டைகளில் பாதி படத்தைப் பற்றியதே அல்ல, தியேட்டரைப் பற்றியது. ஒரு படத்துக்குச் சிலர் "வசனமே கேட்கவில்லை, மிக்ஸிங் சொதப்பல்" என்று மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். அதையே வேறு அரங்கில் பார்த்தவர்களுக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. விசாரித்தால், விளம்பரச் சத்தம் காதைக் கிழிக்கிறது என்று யாரோ முறையிட, ஆபரேட்டர் ஃபேடரை, அதாவது அரங்கின் ஒலியளவுக் குமிழை, 4க்கு இறக்கியிருக்கிறார். படம் தொடங்கியபோது ஏற்றவில்லை. படத்தின் ஒலிக்கலவை (மிக்ஸிங்) ஃபேடர் 7ல் இருக்கும் என்ற அடிப்படையில் செய்யப்படுவது. 5.1 ஒலியமைப்பில் வசனம் பெரும்பாலும் திரைக்குப் பின்னால் நடுவிலுள்ள ஸ்பீக்கரில் வரும். அது சோர்ந்துபோனாலும் இதே கூத்துதான். பாட்டு முழங்கும், பேச்சு முனகும்.

வெளிச்சமும் அப்படியே. 2டி படத்துக்குத் திரை நடுவில் 14 ஃபுட்-லாம்பர்ட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்க வேண்டும் என்பது தரம். புரொஜெக்டர் விளக்கு பழசானாலோ, 3டி படத்துக்குப் போட்ட ஃபில்டரை எடுக்க மறந்தாலோ இரவுக் காட்சி கரியாகிவிடும். விளம்பரத்திலும் தணிக்கைச் சான்றிதழிலும் வரும் வெள்ளையைப் பாருங்கள். அதுவே பழுப்படித்தால் கேமராமேனைத் திட்டாதீர்கள்.

ஆகவே விமர்சனத் தாளின் முதல் வரியில் அரங்கு, காட்சி நேரம், இருக்கை வரிசை மூன்றும் கட்டாயம். இரண்டாவது வரியில் படத்தின் நீளம். வெளியான இரண்டு மூன்று நாளில் படத்தை வெட்டிச் சுருக்கி டிரிம் செய்வது சகஜமாகிவிட்டது; வெள்ளிக்கிழமை நீங்கள் இழுவை என்று எழுதிய காட்சி திங்கட்கிழமை இருக்காது. சான்றிதழில் உள்ள நிமிடத்தை மட்டும் நம்பாமல், தொடக்கத்தையும் முடிவையும் கடிகாரத்தில் குறித்து இடைவேளையைக் கழியுங்கள்.

முதல் நாள் 9 மணிக் காட்சியில் விசிலுக்கு நடுவே வசனம் காதில் விழாது. அன்று எழுதுவது கூட்டத்தின் விமர்சனம், படத்தினுடையது அல்ல. வேலைநாள் மதியக் காட்சியில் இன்னொரு முறை பார்த்த பிறகே மதிப்பெண். விடியற்காலைக் காட்சிக்காகப் பக்கத்து ஆந்திராவின் சித்தூருக்கு ஓடிப்போய்ப் பார்த்து வருகிறவர்களுக்கும் இதே விதி; தூக்கக் கலக்கத்தில் பார்த்த இரண்டாம் பாதியை நம்புவதற்கில்லை.

கதையை இடைவேளைவரை சொல்லலாம் என்று வைத்திருந்தோம். சிலர் இடைவேளைத் திருப்பத்தையே கொட்டிவிடுகிறார்கள். இனி அதற்கு முந்தைய காட்சியோடு நிறுத்த வேண்டும்.

வசூல் பேச்சு நம் கூட்டத்தில் அதிக நேரத்தைத் தின்கிறது. 150 ரூபாய் டிக்கெட் என்றால் அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 27 ரூபாய், உள்ளாட்சி கேளிக்கை வரி தனி. இவையெல்லாம் சேர்ந்தது கிராஸ். வரி போனால் நெட். அதில் தியேட்டர் பங்கு போக விநியோகஸ்தர் கைக்கு வருவதுதான் ஷேர். ஒருவர் கிராஸையும் இன்னொருவர் ஷேரையும் வைத்துக்கொண்டு மல்லுக்கட்டினால் விடிய விடியத் தீராது. நம் மாவட்டம் 2019ல் மூன்றாகப் பிரிந்தது. விநியோகக் கணக்கிலோ நாம் இன்னும் வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு சேர்ந்த என்.எஸ்.சி. ஏரியாதான். எனவே "வேலூர் கலெக்ஷன்" என்று யாராவது கோடிக் கணக்கு சொன்னால், எங்கிருந்து எடுத்தது என்று முதலில் கேளுங்கள்.

பெற்றோர் வழிகாட்டுதலோடு பிள்ளைகள் பார்க்கலாம் என்னும் யு/ஏ சான்றிதழ் 2024 முதல் 7, 13, 16 வயது என மூன்றாகியிருக்கிறது. பிள்ளைகளோடு போகிறவர்களுக்காகத் தாளில் அந்த எண்ணையும் எழுதவும்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் டீ வருவதற்குள் அவரைப் பார்த்துவிடவும்.

செயலாளர்