வாக்-ஆன் வீரருக்கும் இடம் வேண்டும்

ஆசிரியருக்கு,

கல்லூரிகளே தங்கள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தர வழிவிட்டு, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு வழக்கில் 2025 ஜூனில் ஏற்கப்பட்ட சமரசத் தீர்வு பற்றிய செய்தியைப் படித்தேன். அதற்கு உடன்பட்ட கல்லூரிகளில் கூடைப்பந்து அணிக்கு இனி 15 பேர்தான். வீரர்களுக்குப் பணம் கிடைப்பது நியாயமே, தாமதமான நியாயம். ஆனால், உதவித்தொகையின்றித் தகுதி காட்டி நுழையும் ‘வாக்-ஆன்’ மாணவருக்கு வாசல் குறுகிவிட்டது. அயோவா ஸ்டேட் பல்கலைக்கழக அணியில் அப்படி நுழைந்த ஜெஃப் ஹார்னசெக், பின்னர் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் 14 பருவங்கள் ஆடினார்.

நான் அங்கே படித்தபோது, பயிற்சியில் எதிரணியைப் போல ஆடிக்காட்டவே வைத்திருந்த ஒருவர் இறுதியாண்டில் கேப்டனானார். ஆட்ட இடைநிறுத்தமான டைம்-அவுட்டில், பயிற்சியாளர் வியூகம் வரையும் பலகையை எடுக்கும் முன்பே யார் யாரை மறிப்பது என்று சொல்லி முடித்திருப்பார். வரம்புக்கு வெளியே, உதவித்தொகையற்ற இரண்டு இடங்களையாவது இத்தகையோருக்கு ஒதுக்கலாம்.