இரண்டாவது சனி, நாலாவது சனி

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். உன்னை இரண்டு வருஷத்துக்கு ஜெர்மனிக்கு அனுப்பக் கம்பெனியில் கேட்டிருக்கிறார்கள் என்றும், "அப்பா தனியா இருப்பாங்க, வேண்டாம்னு சொல்லிடப் போறேன்" என்று நீ சொன்னதாகவும் அத்தை சொன்னாள். அவள்மேல் கோபப்படாதே. போனில் பேசினால் "எனக்கு ஒண்ணும் இல்லம்மா, நீ கிளம்பு" என்பேன், நீ நம்ப மாட்டாய். என் சனி, ஞாயிறு இப்போது எப்படிப் போகிறது என்று முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் முடிவெடு. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நம் வீட்டு ஏற்பாடு உனக்குத் தெரிந்ததுதான். மாதத்தில் இரண்டாவது, நாலாவது சனி ஞாயிறு தஞ்சாவூரில் அம்மாவிடம், மற்ற நாளெல்லாம் கும்பகோணத்தில் என்னிடம். குடும்ப நல நீதிமன்றத்தில் அந்த நாட்களைக் கேட்டு வாங்கியதே நான்தான். 2015 செப்டம்பரிலிருந்து வங்கிகளுக்கு இரண்டாவது, நாலாவது சனிக்கிழமை விடுமுறை. உன்னையும் தம்பியையும் நானே பஸ்ஸில் கூட்டிப்போய் விட்டுவிட்டு வரலாம் என்று நினைத்தேன். அப்படித்தான் எனக்கு விடுமுறையாக வரும் சனிக்கிழமையெல்லாம் நீங்கள் வீட்டில் இல்லாத சனிக்கிழமையாக அமைந்தது.

அப்போது அந்த நாட்களில் உட்கார நேரம் இருக்காது. தஞ்சாவூரிலிருந்து திரும்பியதும் யூனிபார்ம்களை ஊற வைத்துக் காலரைத் தேய்க்க வேண்டும். வாரத்துக்கு மாவு அரைக்க வேண்டும். ரேஷன் கடை, தம்பியின் நோட்டுக்கு அட்டை, உன் சைக்கிளுக்குக் காற்று. எட்டாம் வகுப்பில் உனக்கு ரெட்டைச் சடை. ரிப்பனைத் துவைத்து, ஈரத்தோடு எவர்சில்வர் டம்ளரில் சுற்றி ஜன்னலில் வைப்பேன். காய்ந்தபின் பிரித்தால் இஸ்திரி போட்ட மாதிரி நீளமாக, சுருக்கமே இல்லாமல் வரும். அந்த வேலை எதையும் நான் பாரமாக நினைத்ததில்லை. திங்கட்கிழமை காலையில் நீங்கள் இரண்டு பேரும் சுத்தமாகக் கிளம்பிப் போவதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது.

நீ காலேஜுக்குப் போனாய், அப்புறம் ஹைதராபாத்தில் வேலை. தம்பி இப்போது பத்தாவது, அவன் சட்டையை அவனே தேய்த்துக்கொள்கிறான், தஞ்சாவூருக்கும் தனியாகப் போய் வருகிறான். அந்த இரண்டு சனிக்கிழமையும் எனக்குச் செய்ய ஒன்றுமில்லாமல் போனது. சமைக்கத் தோன்றாது. டி.வி. ஓடிக்கொண்டிருக்கும். ஞாயிறு சாயங்காலம் தம்பி வந்து இறங்கும் வரை வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். அதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி பையில் துணி எடுத்து வைத்துக்கொண்டிருந்த தம்பி, "இந்த வாரம் நான் போகலப்பா" என்றான். காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை. "நீங்க ரெண்டு நாளும் யார்கிட்டயும் பேசாமயே இருப்பீங்கல்ல" என்றான். அம்மாவைப் பார்க்கப் போகும் பிள்ளை மனசு நிறைய ஆசையோடு போக வேண்டும். என்னை நினைத்து அவன் தயங்கி நிற்பது எனக்குத் தாங்கவில்லை. மறுநாள் அவனைச் சமாதானப்படுத்தி பஸ் ஏற்றிவிட்டு, வீட்டுக்குத் திரும்பாமல் நேரே மகாமகக் குளத்துக்குப் போனேன். இப்போது நீயும் தம்பி மாதிரியே தயங்கி நிற்கிறாய். அதனால்தான் இதை உனக்குச் சொல்கிறேன்.

குளத்தைச் சுற்றிப் பதினாறு மண்டபம் இருக்கிறதே, அதை ஒட்டிக் காலையில் நடக்க வருபவர்கள் நிறைய. அவர்களில் சிலர் நடந்து முடித்துவிட்டுப் படியில் உட்கார்ந்து பேசுவார்கள். 2016 மகாமகத்தில் கூட்டத்தை எப்படிச் சமாளித்தார்கள், 2028-இல் என்ன செய்யப் போகிறார்கள் என்பதிலிருந்து வீட்டு வரி வரை எல்லாம் வரும். நானும் போய் ஓரமாக உட்கார்ந்தேன். இரண்டு வாரம் தலையாட்டல், அப்புறம் பெயர், அப்புறம் நான் எதிர்பார்த்த கேள்வி: "வீட்ல என்ன பண்றாங்க?"

இந்த ஒரு கேள்விக்காகவே கல்யாண வீட்டில் மொய் எழுதிவிட்டுப் பந்தியில் உட்காராமல் கிளம்பிவிடுவேன், உனக்கு ஞாபகம் இருக்கும். இந்தத் தடவை நேராகச் சொன்னேன். "நாங்க பிரிஞ்சு இருக்கோம் சார். பிள்ளைங்க என்கிட்டதான் வளர்ந்தாங்க." கேட்டவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். "அப்படியா" என்றார். கொஞ்சம் பொறுத்து, "மேட்டூர்ல இன்னைக்கு எத்தனை அடி?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். 2024 அது. அணையில் தண்ணீர் இல்லாமல் ஜூன் 12-ஆம் தேதி திறக்கவில்லை, ஜூலை கடைசியில்தான் திறந்தார்கள். குறுவை போனதே என்று ஊரே அதைத்தான் பேசிக்கொண்டிருந்தது. என் கதை அந்தப் பேச்சுக்கு நடுவில் வந்தது, போனது. யாரும் முகம் சுளிக்கவில்லை, பரிதாபமாகவும் பார்க்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரும்போது உடம்பே லேசாக இருந்தது.

அதற்குப் பிறகு கல்யாணங்களுக்கு முழு நேரம் இருக்கிறேன். போன ஆவணியில் வாத்தியார் வீட்டுக் கல்யாணத்தில் பரிமாற ஆள் குறைவு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பார் வாளியைத் தூக்கிவிட்டேன். பந்தியில் பரிமாறுகிறவனிடம் யாரும் குடும்ப விவரம் கேட்பதில்லை. "இங்க கொஞ்சம்" என்பார்கள், ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போக வேண்டியதுதான். கடைசிப் பந்தியில் பரிமாறியவர்கள் எல்லோருமாகச் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டோம். அவ்வளவு ருசியாக நான் சாப்பிட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

நம் பாங்கில் பயிர்க்கடன் வாங்கியிருக்கும் வெற்றிலைக்காரர் ஒருவர் வரும்போதெல்லாம் "சார், ஒருநாள் நம்ம கொடிக்காலுக்கு வாங்க" என்பார். மரியாதைக்குச் சொல்கிறார் என்று இருந்துவிடுவேன். ஒரு சனிக்கிழமை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். வெளியே கண் கூசும் வெயில். உள்ளே அகத்தி நிழலில் ஈர மண் வாசனையோடு அப்படி ஒரு குளிர்ச்சி. அகத்தியைப் பற்றிக்கொண்டு கொடி ஏறுகிறது, கணுவுக்குக் கணு நார் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். அவர் இலையைக் கிள்ளும் வேகமும், பார்க்காமலே கையால் எண்ணி நூறு சேர்த்துக் கவுளி கட்டும் லாவகமும் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பாங்கில் என் மேஜைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் மனுஷர், அங்கே எனக்குப் பாடம் எடுக்கிறார். கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்ததைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. இத்தனை வருஷம் கையெழுத்தாகவும் ஆதார் நம்பராகவும் தெரிந்த ஒருவர் இப்போது என் சிநேகிதர். அவர் வீட்டில் மோர் குடிக்காமல் திரும்ப முடியாது.

நாலாவது ஞாயிறு உழவாரப் பணி, கோயிலில் புல் பிடுங்கிச் சுத்தம் செய்யும் வேலை. எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான், கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். வாத்தியார்தான் சேர்த்துவிட்டார். மின்வாரிய லைன்மேன், தையல்காரர், காலேஜ் பிள்ளைகள், குடும்பத்தோடு வரும் பெண்கள் என்று ஒரு வேன் நிறையப் பேர். பாடல் பெற்ற தலங்களில் காவிரிக்கு வடகரையில் 63, தென்கரையில் 127. அதிலே சேராத பழைய கோயில்கள் ஊருக்கு ஊர் கிடக்கின்றன. விளக்குக்கு எண்ணெயே சிரமமாக இருக்கும் கோயிலாகப் பார்த்துப் போகிறோம். அப்பர் சுவாமி கையில் ஒரு கருவி வைத்திருப்பாரே, அந்த உழவாரத்தால் புல் செதுக்கியவர் முக்தி அடைந்த திருப்புகலூர் நமக்கு எவ்வளவு தூரம்! சின்ன வயசில் சிலையைப் பார்த்து வேல் என்று நினைத்திருக்கிறேன். இப்போது என் கையிலும் ஒன்று.

பிராகாரத்தில் கருங்கல் இடுக்கிலிருந்து நெருஞ்சியையும் அருகையும் வேரோடு எடுக்க வேண்டும். சும்மா அரிந்துவிட்டால் அடுத்த மழையில் திரும்ப வந்துவிடும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே கம்பியை விட்டு மண்ணைத் தளர்த்தி, வேரைப் பிடித்து மெதுவாக இழுத்தால் முழுசாக வரும். அம்மன் சன்னதி வாசலில் வருஷக்கணக்காக ஊறிப்போன எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டி எடுத்து, சீயக்காய்த் தூளும் வெந்நீரும் போட்டுத் தேய்த்தால் அடியிலிருந்து கல்லின் நிறம் வருகிறது. சில சமயம் கல்லெழுத்து நாலு வரி வெளியே தெரியும், பிள்ளைகள் ஓடி வந்து எழுத்துக்கூட்டிப் பார்ப்பார்கள்.

பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து புல் பிடுங்கும்போது பேச்சு தானாக வருகிறது. ஐம்பது வயசுக்கு மேல் ஒரு ஆம்பளை இன்னொரு ஆம்பளையிடம் போய் "நாம பழகலாமா" என்று கேட்க முடியாது. கையில் ஒரு வேலை இருந்தால் முகத்தைப் பார்க்காமலே மனசில் இருப்பதைச் சொல்லலாம். லைன்மேன் தன் பையன் குடிப்பதைப் பற்றி அப்படித்தான் என்னிடம் சொன்னார். நீ முதல் மாதச் சம்பளத்தில் எனக்கு வாட்ச் அனுப்பியதை நானும் அப்படித்தான் சொன்னேன். மத்தியானம் பம்ப்செட்டில் குளித்துவிட்டுப் புளியோதரையும் தயிர்சாதமும். சாயங்காலம் வேனில் பாதிப் பேர் தூங்கிவிடுவோம்.

தனியாகப் போவதும் உண்டு. தாராசுரம் இவ்வளவு கிட்டத்தில் இருந்தும், விருந்தாளி வந்தால் கூட்டிப்போய்க் காட்டுகிற இடம் என்றே வைத்திருந்தேன். இரண்டாம் ராஜராஜன் கட்டிய கோயில், 2004-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது என்று வருகிறவர்களிடம் ஒப்பித்துவிட்டு வெளியே வந்துவிடுவேன். இப்போது சாயங்காலமாகப் போய், கருவறையைச் சுற்றி அடிப்பகுதியில் அறுபத்துமூவர் கதையைச் சின்னச் சின்னதாகச் செதுக்கியிருக்கிறார்களே, அதைக் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று கதைதான். அவசரமே இல்லை. யாரையும் எங்கேயும் கொண்டுபோய் விட வேண்டியதில்லாத சாயங்காலம் எவ்வளவு நீளமானது என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

நம் வீட்டுக்கும் ஆட்கள் வருகிறார்கள். நடைக் கூட்டத்தை ஒரு ஞாயிறு டிபனுக்குக் கூப்பிட்டேன். இட்லியும் கடப்பாவும். பாசிப்பருப்பைக் குழைய விட்டு, உருளைக்கிழங்கை மசித்துப் போட்டு, தேங்காயோடு சோம்பும் கசகசாவும் அரைத்து விட்டேன். பாத்திரக்கடைக்காரர் மூன்றாம் தடவை வாங்கிக்கொண்டு, "யார் கைப்பக்குவம்?" என்றார். என் கைதான் என்றதும் ஒரே ஆச்சரியம். நீ சாப்பிட்டு வளர்ந்த கடப்பாதான் அது, பாப்பா. அன்றைக்குக் கூடத்தில் செருப்புக்கு இடமில்லாமல் வாசல்படி வரை கிடந்தது, பார்க்கவே நிறைவாக இருந்தது.

நீ கேட்கத் தயங்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அத்தை வரன் பார்க்கட்டுமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். இப்போதைக்கு வேண்டாம் என்றேன். மனதில் யாரும் இல்லை. யாராவது வந்தால் முதலில் உன்னிடமும் தம்பியிடமும்தான் சொல்வேன், ஊர் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ளும்படி விட மாட்டேன்.

தம்பி இப்போது வெள்ளிக்கிழமையே விசிலடித்துக்கொண்டு பை கட்டுகிறான். ஞாயிறு ராத்திரி சாப்பிடும்போது அம்மா வீட்டுக் கதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "நீங்க எங்கப்பா போனீங்க?" என்று கேட்கிறான். முன்னாடி அந்தக் கேள்வியே வராது, வந்தாலும் சொல்ல ஒன்றும் இருக்காது. போன வாரம் நான் சொல்லி முடிக்கவே ஒரு மணி நேரம் ஆனது. பரீட்சை முடிந்ததும் உழவாரத்துக்கு அவனும் வருகிறேன் என்கிறான். அம்மாவும் போனில் தம்பியின் படிப்பைப் பற்றிப் பேசிவிட்டு, "நல்லா இருக்கீங்கன்னு பையன் சொன்னான், சந்தோஷம்" என்றாள். அதையும் உனக்குச் சொல்ல வேண்டும் என்று இருந்தது.

உன்னை நினைக்காத நாள் இல்லை. நீ பக்கத்தில் இருந்தால் எனக்கு எவ்வளவு நன்றாக இருக்கும் என்பதை மறைக்கவும் இல்லை. ஆனால் அது வேறு. என் ஞாயிற்றுக்கிழமையை நிரப்புவதற்காக நீ வேலையை விட்டுக்கொடுக்க வேண்டாம். அது நிரம்பித்தான் இருக்கிறது. வருஷக்கணக்காக ராத்திரி கண் விழித்துப் படித்தாய், உன் பக்கத்தில் உட்கார்ந்து டீ போட்டுக் கொடுத்தவன் நான். அந்தப் படிப்பு உன்னை எங்கே கொண்டுபோகிறதோ அங்கே போ.

திங்கட்கிழமை கம்பெனியில் சரி என்று சொல்லிவிட்டு எனக்கு ஒரு மெசேஜ் போடு. கிளம்பும் முன் ஊருக்கு வரும்போது ஒரு வாரமாவது லீவு போடு, கொடிக்கால்காரர் வீட்டில் உனக்குச் சாப்பாடு என்று இப்போதே சொல்லிவிட்டார்கள். அங்கே கோடையில் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் நாலரை மணி நேரம் என்று வாத்தியார் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார். ஞாயிறு ராத்திரி எட்டு மணிக்கு மேல் நானும் தம்பியும் சேர்ந்து கூப்பிடுகிறோம். நாலாவது ஞாயிறு பகலில் மட்டும் போன் வேனில் என் பைக்குள் இருக்கும். எடுக்கவில்லை என்று அத்தைக்குப் போன் போட்டுப் பதறாதே.

அன்புடன்,
அப்பா