சின்ன ஊர்த் திடலுக்கும் வாருங்கள்: கோப்பைக் கமிட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

ராமநாதபுரம் கடற்கரையில் தொண்டி முதல் மூக்கையூர் வரை கோடையில் கால்பந்துக் கோப்பை நடத்தும் ஊர்க் கமிட்டி அண்ணன்மார்களுக்கும் காக்காமார்களுக்கும் வணக்கம், சலாம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், பள்ளிக்கூடம் லீவு, வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களில் பாதிப் பேர் ஊரில் இருப்பார்கள். பந்தாட இதைவிடத் தோதான காலம் கிடையாது. நீங்களும் வசூல் செய்து, லைட் கட்டி, மைக் செட் போட்டு, சுழற்கோப்பையும் ரொக்கப் பரிசும் வைத்து நடத்துகிறீர்கள். அந்த உழைப்பில் குறை சொல்ல வரவில்லை. இந்த வருஷம் யார் யாரோடு ஆடுவது என்று ஃபிக்ஸ்சர் போட உட்காரும் முன் ஒரு விஷயம் கேட்க வேண்டும். முதல் இரண்டு சுற்றிலாவது, பெரிய அணியும் சின்ன அணியும் மோதினால், அந்த ஆட்டத்தைச் சின்ன ஊரின் திடலில் வையுங்கள்.

இப்போது என்ன நடக்கிறது என்று உங்களுக்கும் தெரியும். எங்களைப் போன்ற ஒரு ஊர் அணி நுழைவுக் கட்டணம் கட்டி, குட்டியானை வண்டிக்கு டீசல் போட்டு, பின்னால் பையன்களை ஏற்றிக்கொண்டு உங்கள் ஊருக்கு வருகிறது. முதல் ஆட்டமே, வெளியூரிலிருந்து நாலு கெஸ்ட் பிளேயரை இறக்கிய அணியோடு. அரைமணி நேரத்தில் மூன்று கோல். அப்புறம் புரோட்டாக் கடை, வண்டி, வீடு. ஒரு வருஷப் பயிற்சி அந்த நாற்பது நிமிஷத்தோடு சரி. எங்கள் கோல்கீப்பர் நல்ல கீப்பர். ஆனால் அவன் மேட்ச் ஆடி அவன் அம்மா பார்த்ததே கிடையாது. ஊரில் யாருமே பார்த்தது கிடையாது, வண்டியில் இடம் கிடைத்தவர்களைத் தவிர.

சொந்தத் திடல் என்றால் என்ன வித்தியாசம் வந்துவிடும் என்று கேட்பீர்கள். எங்கள் திடலைச் சொல்கிறேன். போஸ்ட் சவுக்குக் கம்பு. வலை, பழைய இழுவலையில் கிழியாத பாகத்தை வெட்டிக் கட்டியது. கண் சின்னது என்பதால் பந்து போய் விழுந்தால் மீன் மாதிரி அப்படியே தங்கும். தரை பாதி மணல், பாதி பொட்டல். மணல் பக்கம் பந்து உருளாது. அதில் பழகிய பையன் பந்தைக் காலோடு வைத்துக்கொண்டு ஓடமாட்டான், தூக்கிக் கொடுத்துவிட்டு ஓடுவான். தெற்குப் பக்கம் கடல். சாயங்காலம் சோழகக் காற்று எழும்பிவிட்டால் தெற்கே பார்த்து உயர அடிக்கிற கோல் கிக் நடுக்கோட்டைத் தாண்டாது. இது எங்கள் பத்து வயதுப் பையனுக்குத் தெரியும், உங்கள் கெஸ்ட் பிளேயருக்குத் தெரியாது. உங்கள் இறுகிய தரையில் எங்கள் பையன்கள் வழுக்கி விழுவதும் இதே கணக்குத்தான்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. ஜெர்மனியின் தேசியக் கோப்பையில் இதுதான் விதி. முதல் சுற்றில் 64 அணிகள். சீட்டு எடுக்கும்போதே பெரிய அணிகளை ஒரு பாத்திரத்திலும் சின்ன அணிகளை இன்னொன்றிலும் போட்டு, ஜோடி சேர்ந்ததும் ஆட்டத்தைச் சின்ன அணியின் ஊரில் வைக்கிறார்கள். அப்புறம் வரும் சுற்றுகளிலும், மூன்றாம் டிவிஷனோ அதற்குக் கீழோ உள்ள அணியோடு முதல் இரண்டு டிவிஷன் அணி ஜோடி சேர்ந்தால், அந்தச் சின்ன அணிக்குத்தான் சொந்த மைதானம்.

2024-25 சீசனில் அந்த விதி என்ன செய்தது என்று பாருங்கள். அர்மீனியா பீலஃபெல்ட் அப்போது மூன்றாம் டிவிஷன் அணி. முதல் சுற்றில் ஹனோவரை 2-0. அப்புறம் யூனியன் பெர்லினை 2-0, ஃபிரைபுர்க்கை 3-1, காலிறுதியில் வெர்டர் பிரேமனை 2-1. எல்லாம் சொந்த மைதானத்தில். அரையிறுதிக்கு வந்தது பேயர் லெவர்குசன், முந்தின சீசனில் லீக்கையும் இதே கோப்பையையும் சேர்த்து வென்ற அணி. அந்த ஆட்டமும் பீலஃபெல்டில்தான். 2025 ஏப்ரல் 1, அதாவது நமக்கு நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் இரவு, பன்னிரண்டே காலுக்கு ஆரம்பம். 17-வது நிமிஷத்தில் லெவர்குசன் கோல் போட்டுவிட்டது. போனில் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் சிலர் அதோடு முடிந்தது என்று தூங்கிப் போயிருப்பார்கள். மூன்றே நிமிஷத்தில் பீலஃபெல்ட் சமன் செய்தது. முதல் பாதியின் கூடுதல் நேரத்தில் இன்னொன்று. 2-1. இரண்டாம் பாதி முழுக்க அதைக் காப்பாற்றி இறுதிக்குப் போய்விட்டது.

சரி, பீலஃபெல்ட் ஒன்றும் மீனவக் குப்பம் இல்லை, மூன்று லட்சம் பேருக்கு மேல் இருக்கிற நகரம். பெர்லினில் நடந்த இறுதியில் ஸ்டுட்கார்ட் அரைமணி நேரத்துக்குள் மூன்று கோல் போட்டு, கடைசியில் 4-2 என்று கோப்பையை எடுத்துக்கொண்டு போனது. அதில் யாருக்கும் வருத்தம் இருக்க நியாயம் இல்லை. பீலஃபெல்ட்காரர்கள் வெளியே வந்து தோற்றார்கள், ஆனால் இறுதிவரை வந்து தோற்றார்கள்.

இந்தக் கதையில் எனக்கு அதைவிடப் பிடித்தது லெவர்குசனின் முதல் சுற்று. சாம்பியன் என்பதற்காக அவர்களுக்கு யாரும் 'பை' கொடுத்து, ஆடாமலே அடுத்த சுற்றுக்கு அனுப்பவில்லை. நாலாம் டிவிஷன் அணியான கார்ல் ஸைஸ் யேனாவின் மைதானத்துக்குப் போய் ஆடி, ஒரே ஒரு கோலில்தான் தப்பித்து வந்தார்கள். இங்கே போட்டி நடத்துகிற ஊர் அணி நேராகக் காலிறுதிக்குப் போய் உட்கார்ந்துகொள்கிற வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. எந்த ஊர் என்று சொல்லவில்லை, படிக்கிறவர்களுக்குத் தெரியும். நாலு நாள் மற்றவர்கள் கால் வலிக்க ஆடி முடித்தபின் புது ஜெர்ஸியோடு இறங்குவதில் என்ன பெருமை இருக்கிறதோ!

பிரான்ஸ் கோப்பையிலும் கிட்டத்தட்ட இதே ஏற்பாடு. இரண்டு டிவிஷன் கீழே இருக்கிற அணிக்குத்தான் சொந்த மைதானம். அதே சீசனில் நாலாம் டிவிஷன் அணியான கான், அரையிறுதி வரை வந்து, தன் ஊர்க்காரர்கள் முன்னால் முதல் டிவிஷன் ரேம்ஸிடம் 2-1 என்றுதான் தோற்றது. நம் நாட்டுப் பக்கம் வந்தால், 2025 சூப்பர் கோப்பை மொத்தமும் புவனேஸ்வர் கலிங்கா மைதானத்தில் முடிந்துபோனது. அது உங்கள் பாணி. 1888-ல் தொடங்கிய டுராண்ட் கோப்பையோ 2024-ல் கொல்கத்தாவோடு நிற்காமல் ஜாம்ஷெட்பூர், கோக்ரஜார், ஷில்லாங் வரை போனது. அந்த வருஷம் அதை ஜெயித்ததும் வடகிழக்கு அணிதான்.

நீங்கள் சொல்லப்போகும் மறுப்புகளும் எனக்குத் தெரியும். லைட்டுக்கு எங்கே போவது? வேண்டாம். மே மாதம் ஆறரை மணி வரை வெளிச்சம் இருக்கிறது. பாதிக்கு இருபது நிமிஷம் வீதம் எழுவர் ஆட்டம், நாலு மணிக்கு ஆரம்பித்தால் இரண்டு மேட்ச் முடித்துவிடலாம். கெஸ்ட் பிளேயருக்கு இரண்டு நாளைக்கு மேல் சம்பளம் கட்ட முடியாது என்பார்கள். அது பெரிய அணிகளின் சிரமம். முதல் இரண்டு சுற்றிலாவது சொந்த ஊர்ப் பையன்களை இறக்கிப் பார்க்கட்டும்.

உண்மையான கஷ்டம் சண்டை. இதை மழுப்ப எனக்கு விருப்பம் இல்லை. சின்ன ஊரில் கயிறு கட்டுவதோடு சரி, வேலி கிடையாது. ஒரு ஹேண்ட்பால் கொடுத்தால் கூட்டம் உள்ளே வந்துவிடும். நடுவர் உள்ளூர்க்காரர் என்றால் வந்த அணி அழும், வந்த ஊர்க்காரர் என்றால் எங்கள் ஊர் அழும். அதனால் ரெஃப்ரியும் இரண்டு லைன்ஸ்மேனும் மூன்றாவது ஊரிலிருந்து வரட்டும். உள்ளூர்க் கூட்டம் கோட்டைத் தாண்டினால் அந்த நிமிஷமே வந்த அணி ஜெயித்ததாக அறிவித்துவிடுங்கள். ஆனால் இதை நோட்டீஸிலேயே அச்சடித்துவிட வேண்டும், மைக்கில் சொன்னால் யார் காதிலும் ஏறாது. முதல் வருஷம் ஒரு ஊராவது இப்படித் தோற்கும். அது எங்கள் ஊராகவே இருந்தாலும் சரி, மறு வருஷம் பெரியவர்களே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

எது சின்ன அணி என்பதில் தகராறு வராமல் இருக்க ஒரு வழி இருக்கிறது. போன வருஷம் உங்கள் கோப்பையில் முதல் சுற்றைத் தாண்டாதவர்களும் புதிதாக வருபவர்களும் ஒரு பாத்திரம், மற்றவர்கள் இன்னொன்று. சீட்டை யாராவது ஒரு கமிட்டி வீட்டு மாடியில் எடுக்காதீர்கள். மீன் ஏலக்கூடத்திலோ பஸ் ஸ்டாண்டிலோ எல்லோரும் பார்க்க, ஒரு சின்னப் பிள்ளையைவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். அப்படி எடுத்தால் எங்களுக்கு யார் வந்தாலும் சம்மதம்.

காலிறுதியிலிருந்து எல்லாம் உங்கள் திடலிலேயே நடக்கட்டும். லைட், பட்டாசு, நன்கொடையாளர்களுக்குப் பொன்னாடை, அந்த நீளமான நன்றியுரை, எதையும் குறைக்கச் சொல்லவில்லை.

எங்கள் பக்கம் வரும் அணிக்குத் தண்ணீரும் ராத்திரிச் சாப்பாடும் எங்கள் பொறுப்பு. ரெஃப்ரிக்குப் பெட்ரோல் காசும் கொடுத்துவிடுவோம். திடலின் மேற்குப் பக்கம் சீமைக் கருவேலம் அடர்ந்து கிடக்கிறது, வெட்ட வெட்டத் துளிர்க்கிறது, முள் குத்தினால் பந்து போச்சு. வருகிறவர்கள் கூட ஒரு பந்து எடுத்து வந்தால் நல்லது.

இப்படிக்கு,
முதல் சுற்றோடு வீடு திரும்பும் ஓர் அணியின் வண்டியில் வந்து போகிறவன்