இளைச்சுட்டு வரேன்னு சொல்லாதே

ஜெயநகர், பெங்களூரு
நவம்பர் 9, ஞாயிறு

அன்புள்ள மாலா,

உன் கடிதம் வந்து பதினாறு நாள் ஆச்சு. திட்டணும்னா திட்டிக்கோ. அம்மா நல்லா இருக்காங்க, முட்டி வலி மட்டும் அப்படியேதான். உமா பையனுக்குப் புனேல வேலை கிடைச்சாச்சு. ஏணிப்படி ராஜி உன்னைக் கேட்டா. நான் ஒண்ணும் சொல்லல. வீட்டுச் சேதி அவ்வளவுதான், இனிமே உன் விஷயம்.

ரெண்டாவது பக்கத்துக் கடைசியில பேனாவை அழுத்தி எழுதியிருக்கே: "கல்யாணத்துக்கு வரல. முதல்ல இந்த 14 கிலோவை இளைச்சுட்டு வரேன், அப்புறம் எல்லாரையும் பார்க்கிறேன்." அதைப் படிச்சதுலேர்ந்து எனக்கு இருப்புக் கொள்ளல. காய்ச்சல் விட்டப்புறமும் நாலு நாளைக்கு நாக்குல கசப்பு நிக்கும் இல்லையா, இந்த வரி அதுதான். தூக்கம் வந்துடுச்சு, அழுகை நின்னுடுச்சு, டாக்டர் தேறிட்டேன்னு சொல்லிட்டார். ஆனா "இந்த உடம்போட நான் யார் கண்ணுலயும் படக் கூடாது"ங்கிறது மட்டும் போகாம நிக்குது. அதை நீ உன் சொந்த அறிவுன்னு நினைச்சுக்கிட்டிருக்கே. அது மனச்சோர்வு நோய் விட்டுட்டுப் போன மிச்சம், மாலா.

உனக்குத் தெரியும், என் வேலையே இதுதான். குளிக்கிறது, உடுத்தறது, வாசப்படி தாண்டறதுன்னு நோய் பிடுங்கிக்கிட்ட சின்னச் சின்னக் காரியங்களை ஒவ்வொண்ணா திரும்ப வாங்கிக் கொடுக்கிறது. அதுல முதல்ல கத்துக்கிற பாடம், மனசு சரியானப்புறம் காரியம்னு காத்திருக்கக் கூடாதுங்கிறது. லூயின்சோன்னு ஒரு அமெரிக்க உளவியலாளர் 1970கள்லயே இதைச் சொன்னார். 1996ல ஜேக்கப்சன் குழு சோதிச்சுப் பார்த்தப்போ, எண்ணங்களை மாத்தற சிகிச்சை முழுசையும் வாங்கினவங்களுக்கு எவ்வளவு பலன் கிடைச்சுதோ, செயல்களைத் திரும்பத் தொடங்கற பகுதியை மட்டும் வாங்கினவங்களுக்கும் ஏறக்குறைய அவ்வளவு கிடைச்சுது. தெம்பு வந்து எழுந்திருக்கிறதில்ல, எழுந்தா தெம்பு வருது. உடம்பு விஷயத்துலயும் வரிசை இதேதான்.

முதல்ல மாத்திரை. "இதனாலதான் ஊதிட்டேன், விட்டுடலாமா"ன்னு கேட்டிருக்கே. விடாதே. நீ சாப்பிடற மிர்டாசபின், ஹிஸ்டமின்னு முழிப்பா வெக்கிற ஒரு ரசாயனத்தைத் தடுக்கிற மருந்து. தூக்கம் வர்றதும் அதனாலதான், ராத்திரி ஒம்பதரைக்கு இனிப்பு வேணும்னு பரபரன்னு வர்றதும் அதனாலதான். உன் நாக்கு ருசியைக் குத்தம் சொல்லாதே. நீயா நிறுத்தினா தலை சுத்தல், குமட்டல், எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் வரும், நோயும் திரும்பலாம். முதல் தடவை வந்து தேறினவங்களே குறைஞ்சது ஆறு மாசமாவது மருந்தைத் தொடரணும். ஆனா டாக்டர்கிட்ட நேராக் கேளு: "எடை ஏறுது, அவ்வளவா ஏறாத மருந்துக்கு மாத்த முடியுமா?" கேட்கறதுல தப்பே இல்ல. கூடவே தைராய்டுக்கு டிஎஸ்ஹெச், ஹீமோகுளோபின், பி12, மூணு மாசச் சர்க்கரை அளவு, இந்த நாலும் எடுத்துடு. தைராய்டு குறைஞ்சாலும் எடை ஏறும், முடி கொட்டும், மனசு சோர்ந்து போகும். முடியைப் பத்தி ரொம்ப பயப்படாதே. பெரிய நோய்க்கு ரெண்டு மூணு மாசம் கழிச்சுக் கொத்தாக் கொட்டும், பெரும்பாலும் திரும்ப வளர்ந்துடும்.

ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திட்டேன்னு எழுதியிருக்கே. அதை இன்னைக்கே மாத்து. பட்டினி போட்ட வயிறு பதினோரு மணிக்கு பிஸ்கட் டப்பாவைத் தேடும், அப்புறம் நீ உன்னையே வையறது ஆரம்பிக்கும். மூணு வேளையும் நேரத்துக்குச் சாப்பிடு. ஒவ்வொரு வேளையிலயும் பருப்பு, முட்டை, தயிர், சுண்டல்னு ஏதாவது ஒண்ணு இருக்கட்டும். ராத்திரிப் பசிக்குன்னு ஒரு கிண்ணம் சுண்டலை முன்னாடியே தனியா எடுத்து வை. எடை மெஷினைக் கட்டிலுக்கு அடியில தள்ளு. உப்பு, மாதவிலக்கு, மலச்சிக்கல், எதுனாலயும் ஒரே நாள்ல 1 கிலோ, 2 கிலோ ஏறி இறங்கும். தினம் ஏறி நின்னா அந்தத் தண்ணிக் கணக்கைப் பார்த்துதான் அழுவே.

அடுத்தது கால். மாசக்கணக்காப் படுத்திருந்தா தொடைச் சதை கரையும். மாடி ஏறும்போது "கனமாயிட்டேன்"னு நினைக்கிறே இல்ல, அதுல பாதி கனம் இல்ல, பலம் குறைஞ்சது. கை வெக்காத நாற்காலியில உட்கார்ந்து, கையை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கிட்டு, எழுந்து உட்காரு. அஞ்சு தடவை, காலையும் சாயங்காலமும். ஒரு வாரத்துல எட்டு, அப்புறம் பத்து. எழுந்ததும் தலை சுத்தினா நிறுத்தி டாக்டர்கிட்ட சொல்லு, மாத்திரையாலயும் அது வரும். நடக்கிறது பத்து நிமிஷத்துல ஆரம்பி. பேச முடியணும், பாட முடியக் கூடாது, வேகத்துக்கு அதுதான் அளவு. உங்க டெல்லிக் காத்து இந்த மாசம் விஷம். மோசமான நாள்ல காலையில வெளியே போகாதே, உன் கட்டடப் படியிலயே ரெண்டு மாடி ஏறி இறங்கு. காத்து தெளிஞ்ச ஒரு நாள் ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகன் கோயில் படி ஏறிட்டு வந்து எனக்கு எழுது. எத்தனை இடத்துல நின்னேங்கிறதை மட்டும் எழுது. அடுத்த மாசமும் அதை மட்டும் எழுது.

குளியல். கண்ணை மூடிக்கிட்டு ரெண்டு சொம்பு ஊத்திக்கிட்டு ஓடி வந்துடறேன்னு சொன்னே. அந்த வரியைப் படிச்சு நான் அழுதுட்டேன். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்ச்சுக் குளிச்ச பொண்ணுடி நீ. அதையே திரும்பக் கொண்டுவா. டெல்லிக் குளிர்ல காலையில வேண்டாம், வெயில் வந்தப்புறம் பதினோரு மணிக்கு. மூணு மேசைக்கரண்டி நல்லெண்ணெய், நாலு மிளகு, ஒரு சிட்டிகை சீரகம். சீரகம் வெடிச்சதும் இறக்கிடு, கை பொறுக்கிற சூட்டுக்கு வரட்டும். ஸ்டூல்ல உட்கார்ந்து தேய், தரை வழுக்கும். பாதத்துலேர்ந்து ஆரம்பிச்சு முழங்கால், தொடை, கை, தோள். கடைசியாத்தான் வயிறு. முதல் வாரம் வயித்துல கை வைக்கப் பிடிக்கலைன்னா விட்டுடு, அடுத்த வாரம் வை. பதினஞ்சு நிமிஷம் ஊறினாப் போதும். உன் கை உன் உடம்பைக் கிள்ளிப் பார்க்கிறதுக்கு இல்லாம வேற காரியத்துக்கும் படட்டும்.

கிள்ளறதுன்னதும் ஞாபகம் வருது. கண்ணாடியைக் கடக்கும்போதெல்லாம் பக்கவாட்டுல திரும்பி வயித்தைப் பார்க்கிறது, கையைப் பிடிச்சு அளந்து பார்க்கிறது, பழைய போட்டோவை எடுத்து வெச்சுக்கிறது, ஒரு நாளைக்கு இது எத்தனை தடவை நடக்குதுன்னு ஒரு சீட்டுல கோடு போடு. இருபது வந்தா அடுத்த வாரம் பத்தாக் குறை. ஒவ்வொரு தடவை பார்க்கிறப்பவும் பயம் ஒரு நிமிஷம் அடங்கற மாதிரி இருக்கும், அப்புறம் முன்னைவிட அதிகமா வரும். செல்போன்ல முகத்தை ரொம்பக் கிட்ட வெச்சு எடுக்காதே. அந்தத் தூரத்துல யாருக்கும் மூக்கும் கன்னமும் பெருசாத்தான் விழும்.

இதுக்குப் பதிலா ஒரு நாளைக்கு ஒரே தடவை ஒழுங்காப் பாரு. பீரோவுல இருக்கிற நீளக் கண்ணாடி, மூணு அடி தள்ளி நில்லு. சாதாரண வெளிச்சம், உடுத்தின துணியோட. தலையில ஆரம்பிச்சுப் பாதம் வரைக்கும் வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே வா. முன்னாடி நிக்காத ஒருத்தருக்கு அடையாளம் சொல்ற மாதிரி. "முடி தோளுக்குக் கீழ வருது, நெத்தியில ரெண்டு கோடு, இடது புருவத்துல தழும்பு, தோள் வளைஞ்சு இறங்குது, வயிறு முன்னாடி வட்டமா இருக்கு, கணுக்கால்ல கொலுசுத் தடம்." தீர்ப்புச் சொல்ற வார்த்தை ஒண்ணும் வரக் கூடாது. "அசிங்கம்", "சகிக்கல", "முன்னாடி எப்படி இருந்தேன்" எதுவும். அழகா இருக்குன்னும் சொல்ல வேண்டாம், பொய் சொன்னா மனசு நம்பாது. பெரும்பாலும் எங்கே தப்பிப் போகும்னா, கண்ணு வயித்துல போய் ஒட்டிக்கும். பிடிக்காத இடத்துலயேதான் பார்வை நிக்கும், மத்ததெல்லாம் மறைஞ்சு போகும். புருவத்துக்கு எவ்வளவு நேரமோ வயித்துக்கும் அவ்வளவே, அடுத்ததுக்கு நகர்ந்துடு. முதல் ரெண்டு மூணு நாள் நெஞ்சு படபடக்கும். படபடப்பு உச்சத்துல இருக்கும்போது ஓடிடாதே, ஓடினா கண்ணாடி ஜெயிச்ச மாதிரி ஆயிடும். கொஞ்சம் இறங்கற வரைக்கும் நின்னுட்டு நகரு. அஞ்சு நிமிஷம், ரெண்டு வாரம். பார்த்துட்டு வந்து நாள் பூரா மனசு தாழ்ந்தே கிடந்தா தனியாச் செய்யாதே, உன் கவுன்சலரோட சேர்ந்து செய்.

இப்ப நான் எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வரேன். அந்த மெரூன் பட்டு.

"பிளவுஸ் கையே ஏறல, அதைப் பார்த்ததும் முடிவு பண்ணிட்டேன்"னு எழுதியிருக்கே. துணி சின்னதா இருந்தா துணியைப் பெருசாக்கணும்டி! உள்பக்கம் திருப்பிப் பாரு, பக்கத் தையலுக்கு வெளியே எவ்வளவு மார்ஜின் விட்டிருக்குன்னு. நல்ல டெய்லர் ஒரு இஞ்ச், ஒன்றரை இஞ்ச் விட்டிருப்பார். ஒரு இஞ்ச்னு வெச்சுக்கோ. கால் இஞ்ச் தையலுக்கு நிறுத்திட்டு முக்கால் இஞ்ச் விடலாம். முன்பக்கம் ரெண்டு, பின்பக்கம் ரெண்டு, மொத்தம் நாலு ஓரம், ஆக மூணு இஞ்ச் கிடைக்குது. கையில ரெண்டு ஓரம், ஒன்றரை இஞ்ச். எல்லாரும் பண்ற தப்பு, உடம்புத் தையலை மட்டும் பிரிச்சுப் பெருசாக்கிட்டுக் கைத் தையலை மறந்துடறது. அப்புறம் அக்குள்ல இழுத்துப் பிடிக்கும், கையைத் தூக்கினா இடுப்பு ஏறும். கை மடிப்புல ஆரம்பிச்சு அக்குள் வழியா இடுப்பு வரைக்கும் ஒரே கோடாப் பிரிச்சு ஒரே கோடாத் தைக்கணும். லைனிங்கையும் அதே அளவு விடணும். மார்ஜின் போதலைன்னா, சேலையில இடுப்புல சொருகி உள்ளே மறையற முனையிலேர்ந்து ஒரு சாண் வெட்டி, அக்குள்லேர்ந்து இடுப்பு வரைக்கும் நீளத் துண்டு வெச்சுத் தைக்கலாம். அதே பட்டு, அதே சாயம். பழைய ஊசித் தடம் பட்டுல தெரியும், ஆனா பக்கவாட்டுல, கைக்குக் கீழ மறைஞ்சுடும். கொக்கியை மட்டும் தள்ளி வெக்கிற வேலை வேண்டாம், நடுவுல வாய் பிளக்கும்.

அளவை நீ எடுக்காதே. உன் நாத்தனாரை எடுக்கச் சொல்லு. கல்யாணத்தன்னைக்குப் போடற உள்ளாடையைப் போட்டுக்கிட்டு, மூச்சை இழுத்துப் பிடிக்காம நில்லு. டேப் தரைக்குச் சமமா இருக்கணும், உள்ளே ரெண்டு விரல் போகணும். மார்பு, இடுப்பு, மேல்கைச் சுத்து, கைக்குழி, நாலு எண். அதை உன்கிட்ட காட்டாம எனக்கு நேரா வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்லு. அந்த எண் உனக்குத் தேவையே இல்ல, தைக்கிற எனக்குத்தான் தேவை. "அதுக்குள்ள இளைச்சுடுவேன், கொஞ்சம் பிடிப்பாவே தை"ன்னு சொன்னா நான் கேட்க மாட்டேன். இன்னைய உடம்புக்குத்தான் தைப்பேன். உள்பாவாடை நாடா இடுப்பை அறுத்தா அகலப் பட்டி வெச்சது ரெண்டு வாங்கிக்கோ. தினப்படிக்கும் தொளதொளன்னு போர்வை மாதிரி வேண்டாம், அளவா மூணு சுடிதார் சரோஜினி நகர்ல எடு. பழசையெல்லாம் ஒரு பெட்டியில போட்டு, தேதி எழுதிப் பரண்ல ஏத்து. தூக்கிப் போடறதா வேண்டாமான்னு ஆறு மாசம் கழிச்சு யோசிக்கலாம்.

கல்யாண வீட்டுல கேட்பாங்க. கேட்காம இருக்க மாட்டாங்க. "என்னடி, இப்படிப் போட்டுட்டே?"ன்னு வாசல்லயே அத்தை கேட்பாங்க. நீ விளக்கம் சொல்ல ஆரம்பிச்சா மாட்டிப்பே. "ஆமா அத்தை, உடம்பு முடியாம இருந்தேன், இப்ப தேவலை. உங்க கண் ஆபரேஷன் என்ன ஆச்சு?" அவ்வளவுதான். சொல்லிட்டு நகர்ந்துடு. இதைச் சத்தமா அஞ்சு தடவை சொல்லிப் பழகு, கேட்கிற நேரத்துல வாயில தானா வரணும். மூணு நாளும் இருக்கணும்னு இல்ல. நிச்சயத்துக்கு ஒரு மணி நேரம், முகூர்த்தத்துக்கு ரெண்டு மணி நேரம், மீதி நேரம் என் வீடு. நாமளும் சளைச்சவங்க இல்ல, ராஜியைப் பள்ளிக்கூடத்துல என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டோம்னு ஞாபகம் இருக்கா? அவ அதைச் சிரிச்சுக்கிட்டே வாங்கிக்கிட்டா. இப்ப நினைச்சா நெஞ்சு அடைக்குது. நேர்ல வரும்போது ரெண்டு பேருமா அவகிட்ட போய்ப் பேசணும்.

இன்னொண்ணு, இதை விளையாட்டா எடுத்துக்காதே. விடிகாலை மூணு மணிக்கு முழிப்பு வந்து தூக்கம் திரும்பாம தொடர்ந்து நாலஞ்சு நாள் ஆனாலோ, ரெண்டு மூணு நாள் குளிக்கவே முடியலைன்னாலோ, அடுத்த தேதி வரைக்கும் காத்திருக்காம டாக்டரைப் போய்ப் பாரு. "இருந்து என்ன"ன்னு ஒரு எண்ணம் எட்டிப் பார்த்தா அந்த நிமிஷமே உன் வீட்டுக்காரரை எழுப்பு, எனக்குப் போன் பண்ணு, எந்த நேரமானாலும். 14416ஐயும் சேமிச்சு வெச்சுக்கோ. டெலி மானஸ், 2022 அக்டோபர்ல அரசாங்கம் ஆரம்பிச்சது. இருபத்தி நாலு மணி நேரமும் எடுப்பாங்க, காசு கிடையாது, தமிழ்லயும் பேசலாம்.

நிஜாமுதீன்லேர்ந்து ராஜதானி, ரெண்டு ராத்திரி. பதிவு திறந்த அன்னைக்கே கீழ் பெர்த் கேட்டுப் பண்ணிடு, தை மாசத்துல அப்புறம் கிடைக்காது. பிளவுஸை லைனிங்கோட அப்படியே மடிச்சு, சேலையையும் சேர்த்து கூரியர்ல அனுப்பு. அளவு வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள எனக்கு வந்துடணும். மெரூன் பட்டு நூல் சிக்பேட்டைல வாங்கிட்டேன், ரெண்டு சாயல்ல. எது பொருந்துதுன்னு துணி வந்தாத்தான் தெரியும்.

உன்
வசந்தி