மூணே முக்கால் ரூபாய் வட்டி

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை உனக்கு நாலு தடவை அடித்தேன், நீ எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் யாரோ ஒருவர் என் நம்பருக்கு அடித்து, "பையன் கிரெடிட் கார்டு பாக்கி கட்டாம இருக்கான், நீங்க கட்டுறீங்களா?" என்றார். உங்கம்மாவிடம் ராங் நம்பர் என்று சொன்னேன். நம்புகிற ஆளா அவள்? அன்று ராத்திரியே உன்னிடம் பேசி, பாக்கி ஒரு லட்சத்து எண்பதாயிரம் என்பதை உன் வாயிலிருந்தே வாங்கிவிட்டாள். போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

நம்ம பக்கம் வட்டியை நூற்றுக்கு மாசம் எத்தனை ரூபாய் என்றுதானே சொல்வோம். மூணு ரூபாய் வட்டி என்றால் உங்க தாத்தா காசைத் தொடாமல் எழுந்து வந்துவிடுவார். உன் ஸ்டேட்மென்ட்டில் மாசம் 3.75 சதவீதம் என்று போட்டிருக்கிறதாம். மூணே முக்கால் ரூபாய் வட்டி, கண்ணு! 1,80,000-க்கு மாசம் 6,750. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 1,215. குறைந்தபட்சம் கட்டச் சொன்ன 9,000 மட்டும் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கினாயே, அதில் அசலில் கழிந்தது 1,035 ரூபாய். பாக்கி நிற்கும்போது அதே கார்டில் மறுபடி தேய்த்தால், புதுச் செலவுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும்.

உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. 2010-ல் நூல் விலை ஏறி, கூலிக்கு நெய்யப் பாவு நூல் வருவது குறைந்து, நம்ம எட்டுத் தறியில் மூணுதான் ஓடியது. தறிக் கடன், கூட்டுறவு சொசைட்டி கடன், சீட்டு எடுத்த பாக்கி, கைமாத்து. கோயம்புத்தூரில் ஒரு பேங்க் நடத்திய கடன் ஆலோசனை மையத்துக்குப் போனேன். பேங்கில் ரிட்டையர் ஆன பெரியவர் ஒருவர் இருந்தார். காசு வாங்கவில்லை, தரவும் இல்லை. முழுத்தாளை நடுவில் மடித்து, ஒரு பக்கம் வரவு, மறுபக்கம் செலவும் கடனும் எழுதச் சொன்னார். டீ, பீடி வரைக்கும் கேட்டார். கூட்டிப் பார்த்துவிட்டு, "மாசம் நாலாயிரம் இடிக்குதுங்களே, எங்க போகுது?" என்றார். பைனான்ஸ்காரரிடம் வாரத் தவணைக்கு வாங்கியதை உங்கம்மாவுக்குப் பயந்து அவரிடமும் மறைத்திருந்தேன். ஒரு நிமிசம் பேச்சே வரவில்லை. அப்புறம் சொன்னேன். அவர் அதைத்தான் முதல் வரியாக எழுதினார். வட்டி அதிகம் தின்கிற கடன் முதலில் தீரட்டும், சொசைட்டி காத்திருக்கும் என்றார். தறிக் கடனுக்குத் தவணையை நீட்டிக் கேட்டு மனு எழுதவும் உதவினார். எல்லாம் கட்டி முடிக்க ரெண்டரை வருசம் ஆனது.

கடன் ஆலோசனை என்றால் அவ்வளவுதான், தள்ளுபடி எதுவும் கிடையாது. ரிசர்வ் வங்கி 2009-ல் திட்டம் போட்டுக் கொடுத்து பேங்குகள் தொடங்கிய மையங்கள் அவை. 2012-ல் நிதிசார் கல்வி மையம் என்று பெயர் மாறியது. இப்போது ஊர் ஊராக முகாம் நடத்துவதுதான் பெரிய வேலை. எங்கே இருக்கிறது என்று மாவட்ட முன்னோடி வங்கியில் கேட்டால் சொல்வார்கள்.

நீ அம்மாவிடம் சொன்ன கம்பெனி வேறு ரகம். "தவணை கட்டுறதை நிறுத்துங்க, பாதித் தொகையில கடனை முடிச்சுத் தர்றோம்" என்று சொல்லி, முன்கூட்டியே ஃபீஸும் கேட்கிறார்களாம். நிறுத்திய மாசத்திலிருந்து லேட் ஃபீஸும் வட்டியும் உன் தலையில்தான் விழும். பாதித் தொகையில் முடிந்தாலும், நீ கடன் கட்டிய வரலாற்றைச் சொல்லும் சிபில் ரிப்போர்ட்டில் முழுசாகக் கட்டியதாக 'குளோஸ்டு' என்று வராது, குறைத்துக் கட்டியதாக 'செட்டில்டு' என்றுதான் வரும். நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கப் போனால் அந்த வார்த்தை உனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். பேரம் பேச வேண்டுமென்றால் நீயே பேங்குக்கு எழுதலாம், நடுவில் ஆள் எதற்கு? முதலில் பாக்கியை இஎம்ஐயாக மாற்றித் தரச் சொல், வட்டி நன்றாகக் குறையும்.

போன் அடிக்கிறவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் ராத்திரி 7 மணிக்குப் பின்னும் அடிக்கக் கூடாது, வீட்டு ஆட்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. மீறினால் பேங்குக்கு எழுத்தில் புகார் கொடு. 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம், செலவில்லை.

உங்கம்மா ஆரத்தை எடுத்து வைத்துவிட்டாள். பேங்கில் நகைக் கடன் ஒரு ரூபாய் வட்டிக்குள் கிடைக்கும், கணக்குப்படி அது சரிதான். ஆனாலும் நீ அந்தப் பெரியவர் சொன்ன மாதிரி வரவு செலவுத் தாளை எழுதிக்கொண்டு வருகிற வரைக்கும் ஆரம் பீரோவை விட்டு வராது என்று சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறு. மூணு மாசத்து ஸ்டேட்மென்ட், சம்பள ஸ்லிப் எல்லாம் கொண்டு வா. கடன் ஆப்பில் சின்னச் சின்னதாக வாங்கியது இருந்தால் அதையும் எழுதிவிடு. நாலாயிரம் இடித்தால் நானும் கேட்பேன்.

அப்பா